அப்பா ஓட்டிய இரண்டு கார்கள்

மலாக்காவில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வேடிக்கை காட்டுகிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னை இழுத்துக்கொண்டு போனான். எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். சுற்றிக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வேறு. அந்த வரிசையில் வெளிர்பச்சை நிறத்தில் ஒரு குட்டிக் கார் நின்றது. நாலைந்து கார் தள்ளி, கறுப்பு நிறத்தில் நீளமாக ஒரு பெரிய கார் நின்றது. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த வகை. "ரெண்டுல எதும்மா நல்ல காரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படம் எடுக்கப் போய்விட்டான். கேட்க மட்டும் தெரியும், காது கொடுக்கத் தெரியாது. அவனிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் அப்பா இந்த இரண்டு வகைக் காரையும் ஓட்டினவர். வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் கம்பெனி துரை ஒருவருக்கு அவர் டிரைவர். துரை வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. பெரியது துரை ஆபீசுக்கும் கிளப்புக்கும் போக. சின்னது துரையம்மா கடைக்குப் போக. நாங்கள் காஜா பேராங்கில், மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு சந்தில் பலகை வீட்டில் குடியிருந்தோம். பகலெல்லாம் அந்தப் பெரிய காரை ஓட்டுகிற மனுஷன், சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் காரைப் பற்றித்தான் பேச்சு. உள்ளே பலகையெல்லாம் ஒரே மரத்தில் இழைத்ததாம். சீட்டு அசல் தோலாம். முன்சீட்டின் முதுகில் ஒரு சின்னப் பலகை மடங்கி இருக்குமாம், அதை இறக்கினால் தேநீர்க் கோப்பை வைக்கலாமாம், மேட்டில் ஏறினாலும் ஒரு சொட்டுச் சிந்தாதாம்.

"அப்ப அந்தக் காரையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்ல, என்னை எதுக்குக் கட்டுனீங்க?" என்பாள் அம்மா.

"அது சோறு ஆக்காதே லா" என்பார் அப்பா.

அந்தக் காரை நான் சின்ன வயதில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. துரை பங்களாவின் பின்பக்கம் அப்பா அதைக் கழுவும்போது வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். கிட்டே போனால் அப்பாவே விரட்டுவார். "கை வைக்காதே, ரேகை விழும்" என்பார். எனக்கு அந்தக் கார்மேல் அப்போதே கடுப்பு.

பிறகு மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். பாடாங் திடலில் கூட்டம், கொடி, பாண்டு வாத்தியம். நாங்களும் போய்க் கத்தினோம். கொஞ்ச நாளில் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். எங்கள் துரையும் கிளம்பினார். பெரிய காரை டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளி வாங்கினார். காரோடு டிரைவரும் சேர்ந்து போனார், கதவோடு கைப்பிடியும் போவது மாதிரி. அப்பாவின் வேலை போகாமல் தப்பியது, அதற்கு அந்த முதலாளியை நான் இன்றைக்கும் வாழ்த்துவேன். குட்டிக் காரைத் துரையம்மா அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் சந்தில் முதல் கார் எங்களுடையதுதான்.

குட்டிக் காரைப் பற்றி நான் உயர்வாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் சுலபத்தில் உயிர் வராது. முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்ற வேண்டும், அது சில நாள் திருப்பி உதைக்கும். வளைவில் திரும்புவதற்கு முன் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் சிக்னல் கை நீட்டிக்கொள்ள வேண்டும். அது பாதி நாள் நீட்டாது. அம்மா உள்ளேயிருந்து ஓங்கி ஒரு குத்து விட்டால்தான் வெளியே வரும். மழை பெய்தால் என் காலடியில் ஒழுகும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருத்தர் மூச்சு விடும்போது மற்ற இரண்டு பேர் அடக்கிக்கொள்ள வேண்டும். மேட்டில் ஏறும்போது அப்பா, "எல்லாரும் முன்னால சாயுங்க" என்பார். சாய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது, ஆனாலும் சாய்வோம்.

பெரிய காரில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. சாவியைத் திருப்பினால் போதும், எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். கியர்த் தண்டு ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும். கதவைச் சாத்தினால் "டப்" என்று மெத்தென்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் மகா ராட்சசன். மற்றபடி கார் என்றால் அதுதான் கார். இதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பற்றி எந்தக் கார்ப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். குட்டிக் காரை ஓட்டும்போது என் அப்பா பேசுவார், பாடுவார், குறுக்கே வரும் ஆட்டைத் திட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோடு சண்டை பிடிப்பார். பாசார் கடைத்தெருவில் நிறுத்தி இறங்கினால், "வாங்க, குடும்பத்தோட கெளம்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். அதே மனுஷன் பெரிய காரில் ஏறினால் வாய் பூட்டிக்கொள்ளும். முதுகு நேராகிவிடும். நிறுத்தியதும் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, பார்வையைத் தாழ்த்தி நிற்பார். சின்னக் காரை ஓட்டுகிறவர் வீட்டுக்காரர், பெரிய காரை ஓட்டுகிறவர் டிரைவர். எனக்கு இது பச்சையாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

என் கல்யாணம் நிச்சயமானது இந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளை செமாபோக்கில் இருந்தார், அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. மாப்பிள்ளையின் அப்பா காலமாகியிருந்தார். அவர்கள் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை பக்கத்துக் கோயிலில். பெண் வீட்டார் போய் இறங்க வேண்டும். இறங்கும்போது வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, பெண்ணின் அப்பாவுக்குச் சம்பந்தி மாலை போட்டு அழைத்துப் போவார்கள். அந்த மாலை விழுந்த பிறகுதான் பெண் காரை விட்டு இறங்குவாள்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த வாசலில் என் அப்பா என் அப்பாவாகப் போய் நிற்க வேண்டும். பட்டுப்புடவை, சங்கிலி எது குறைந்தாலும் எனக்குக் கவலை இல்லை. அதனால் குட்டிக் காரில் போகலாம் என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு பேரு சிரிப்பாங்கடி! தாய்மாமன் வேற கூட வரணும். அந்த டப்பாவுல ஒன் புடவையோட கொசுவமே உள்ள போவாது."

அப்பா அன்று மத்தியானமே ஜவுளிக்கடை முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். முதலாளி தங்கமான மனுஷன். "நம்ம புள்ள கல்யாணத்துக்குக் கேக்கணுமா தம்பி? எடுத்துட்டுப் போ. ஆனா வேற ஆளு கையில குடுக்காதே. நீதான் ஓட்டணும்" என்றாராம். அப்பா இதை ஏதோ பட்டம் வாங்கியது போலச் சொன்னார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பொண்ணோட அப்பா டிரைவர் சீட்டுலயா வந்து எறங்குவாரு? நல்லா இருக்கு நியாயம்!" என்று கத்தினேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்தக் கார்ல யார் யாரையோ ஏத்தியிருக்கேன்மா. தொரை, தொரையம்மா, அவுங்க நாய்க்குட்டி, இப்ப மொதலாளி வீட்டு ஆளுங்க. எம் மவள ஒரு தடவ அந்தப் பின்சீட்டுல ஏத்தி ஓட்டிப் பாக்கணும்னு எத்தன நாளா நெனச்சிருக்கேன் தெரியுமா?" என்றார்.

அவருடைய ஆசை ஒன்று, என்னுடையது ஒன்று, இரண்டும் ஒரே காரில் ஏறாது என்று தெரிந்தும் தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று காலையில் பெரிய கார் எங்கள் சந்துக்குள் வர முடியாமல் முனையிலேயே நின்றது. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போனேன். முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அப்பா வெள்ளைக் கால்சட்டையும் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டும் போட்டு நின்றார். தொப்பி ஒன்றுதான் இல்லை. அவருடைய டிரைவர் உடுப்பு அது!

"என்னாங்க இது? பட்டு வேட்டி எங்க?" என்றாள் அம்மா.

"பையில இருக்கு. வேட்டியக் கட்டிக்கிட்டு கிளச்சை மிதிக்க முடியுமா? சிக்கிக்கும். கோயிலுக்குப் போயி மாத்திக்கிறேன்" என்றார்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் கபாயாச் சட்டையும் சாரோங்குமாக வந்து என்னை வாழ்த்தினார். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன அவர்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான். பெரிய காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் நின்ற குட்டிக் காரைக் கையால் காட்டி, "யாங் கெச்சில் லாகி மானிஸ்" என்றார். சின்னதுதான் இன்னும் அழகு என்று அர்த்தம். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பின்சீட்டில் நான் நடுவில், ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மாமா. மாமா பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு, நெற்றி நிறைய விபூதி, விரலில் கல் மோதிரம் என்று ஜோராக இருந்தார். முன்சீட்டில் அப்பா பக்கத்தில் பழத்தட்டும் சீர்ச் சாமானும். கார் கிளம்பியதே தெரியவில்லை. அப்பா சொன்னதெல்லாம் உண்மைதான். சீட்டு உள்ளே வாங்கிக்கொண்டது. தெருச்சத்தம் வெளியே நின்றுவிட்டது. டவுனைத் தாண்டும்வரை அப்பா ஒரு தடவைதான் பேசினார். "எப்படிம்மா இருக்கு?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "நல்லா இருக்குப்பா" என்றேன். அவர் காது மடல் இரண்டும் மேலே போனது. சிரிக்கிறார் என்று பின்னாலிருந்தே தெரிந்தது. சத்தியமாக அந்த நிமிஷம் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கோயில் வாசலில் நாதஸ்வரம் முழங்கியது. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் எதிர்கொள்ள வந்தார்கள். முன்னால் மாலையோடு நின்றவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. சிரம்பானிலிருந்து முதல் நாள்தான் வந்திருந்தார், பரிசம் போட வந்தவர்களில் அவர் இல்லை. எங்கள் வீட்டு ஆட்களை முன்னே பின்னே பார்த்ததில்லை. பரிசம் போட வந்த மற்றவர்கள் உள்ளே மாப்பிள்ளையோடு இருந்தார்கள்; வாசலுக்குக் கிட்டே எங்களைத் தெரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளையின் அம்மா. புருஷனை இழந்தவர் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று அவரை உள்ளே ஒரு தூணுக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள். என்ன வழக்கமோ, என்ன கண்றாவியோ!

கார் நின்றது. அப்பா ஒரு விநாடி சும்மா உட்கார்ந்திருந்தால்கூட எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவரால் முடியவில்லை. கை தானாகப் பிரேக்கை இழுத்தது, கால் தானாக இறங்கியது. காரைச் சுற்றி ஓடிவந்து பின்கதவைத் திறந்து, பார்வையைத் தாழ்த்தி, கோட்டும் பொத்தானுமாக விறைத்து நின்றார். திறந்த கதவு வழியாக மாமா இறங்கினார். அந்தப் பட்டு வேட்டியையும் மோதிரத்தையும் பார்த்தவுடன் பெரியப்பா, "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க!" என்று மாமா கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் பூசினார்கள். பன்னீர்ச் செம்பைப் பிடித்திருந்த ஒருவர் அப்பாவின் தோளை லேசாகத் தள்ளி, "டிரைவர், கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார்.

அப்பா ஒதுங்கினார்.

மாமா திருதிருவென்று விழித்தார். "இல்லிங்க... மச்சான் தான்..." என்று இழுத்ததை மேளச் சத்தம் விழுங்கிவிட்டது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். வலிக்கிறதா, அவமானமா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. கதவைப் பிடித்தபடி, "எறங்கும்மா, நேரமாவுது" என்றார் பணிவாக. அவருக்கு அது உறைக்கவே இல்லை. இத்தனை வருஷமாகக் கதவைப் பிடித்துப் பிடித்து மனுஷனுக்கு உறைக்கிற இடமே மரத்துப் போயிருந்தது.

"நான் எறங்க மாட்டேன்" என்றேன்.

மேளம் நின்றது. பெரியப்பா குனிந்து பார்த்தார். "என்னம்மா, என்ன கொறை?"

"மாலை போட வேண்டியவரு கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அவருதான் எங்கப்பா."

கல்யாணப் பெண் தலை நிமிர்ந்து பேசியதையே அங்கே பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பெரியப்பாவின் முகம் செத்துப் போயிற்று. கெட்ட மனுஷன் இல்லை அவர். தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, தப்பு நடந்துபோச்சே!" என்று பதறினார். மாமா தன் கழுத்து மாலையைக் கழற்றி அப்பாவை நோக்கி வந்தார்.

"அது வேணாம் மாமா. ஒருத்தர் கழுத்துல விழுந்த மாலை எங்கப்பாவுக்கு வேணாம்" என்றேன்.

"முகூர்த்தம் தப்பிடும்டி பாவி!" என்றாள் அம்மா என் காதில்.

"தப்பட்டும்."

அப்போது உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் கேட்டது. "பொண்ணு சொல்றது சரிதான். புது மாலை கட்டுங்க. ஐயரக் கொஞ்சம் மந்திரத்த மெதுவாச் சொல்லச் சொல்லுங்க!" தூணுக்குப் பின்னால் இருந்தாலும் குரலை யாராலும் மறைக்க முடியவில்லை. அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. கோயிலில் பூக்கட்டும் ஆள் வாசல்படியிலேயே உட்கார்ந்து நாரைப் பல்லால் கிழித்து வேலையை ஆரம்பித்தார்.

"அப்பா, உள்ள வந்து ஒக்காருங்க" என்றேன்.

"நானா? இங்கயா?" என்று பின்சீட்டைப் பார்த்தார். "வேணாம்மா. மொதலாளி வண்டி."

"வாங்கப்பா."

மாமா இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். சாயவில்லை. சீட்டின் நுனியில், முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, வைத்தியரைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். நான் அவரைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினேன். வெளிச்சத்தம் அடங்கியது. அப்பா தோலைத் தடவிப் பார்த்தார். தினமும் துடைத்த தோல்தான். பிறகு முன்னால் தன்னுடைய காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேருந்து பாத்தா ஓட்டறவனோட பின்கழுத்துதான் தெரியுது, இல்ல?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப இத்தன வருஷமா தொரை என் கழுத்தத்தான் பாத்துக்கிட்டு வந்திருக்காரு."

பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கோட்டின் காலரைத் தடவினார். என் பக்கம் குனிந்து கழுத்தைக் காட்டி, மெல்லிய குரலில் கேட்டார். "காலர் அழுக்கா இருக்காம்மா? பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அம்மா நீலம் போட்டுத் துவைத்த காலர். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அதற்கு மேலே வெயிலில் கறுத்துச் சுருங்கிய கழுத்து. அவ்வளவு கிட்டத்தில் நானும் அதை அதுவரை பார்த்ததில்லை. "சுத்தமா இருக்குப்பா" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மை கலையும் என்று அம்மா துடைத்துத் துடைத்து விட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் துடைத்தாள்.

பூக்காரர் எழுந்தார். பெரியப்பா புது மாலையை வாங்கிக்கொண்டு காரை நோக்கி வந்தார். அவர் நெருங்கியதும் அப்பாவின் கை பழக்கத்தில் கதவுக் கைப்பிடிக்குப் போனது. நான் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க தெறக்கக் கூடாதுப்பா. அவுங்க தெறப்பாங்க."

அவர் இழுத்தார், விடவில்லை நான். பெரியப்பாவுக்கு அந்தக் கைப்பிடி பழக்கமில்லை. ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். அப்பா பொறுக்க முடியாமல் கண்ணாடி வழியாக, "கீழ திருகணும், கீழ" என்று சைகை காட்டினார். கதவு திறந்தது.

"மன்னிச்சிக்கணும். வாங்க சம்பந்தி" என்றார் பெரியப்பா.

அப்பா டிரைவர் கோட்டோடு இறங்கினார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது. அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன்.